ஓட்டுவதற்கு முன் பிரித்துப் பார்த்தவர்

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கு ஊதாத நாள். தொழிற்சாலை வேலைக்காரர்கள் துணி துவைப்பார்கள். சிலர் தூங்குவார்கள். சிலர் கிருஷ்ணகிரி பக்கத்துச் சொந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

ஒரு வாலிபர் மட்டும் வீட்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பழைய எஸ்டி மோட்டார் சைக்கிள். வண்டி என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதில் பாதிதான் வண்டியாக இருந்தது. மீதிப் பாதி சாக்கின் மேல் கிடந்தது.

அந்த வண்டி மைசூரில் பிறந்தது. 1996-ல் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆனாலும் எல்லைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் இன்னும் பல வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாலிபர் அதைக் காயலான் கடை விலைக்கு வாங்கி வந்திருக்கிறார். புது வண்டி வாங்கப் பணம் இல்லை. மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்யவும் பணம் இல்லை. எனவே தாமே பிரித்துவிட்டார்.

பிரிப்பது சுலபம். திரும்பப் பூட்ட வேண்டுமே!

வீட்டுக்குள்ளிருந்து அவருடைய அம்மா எட்டிப் பார்த்தார். நல்லா இருந்த பணத்தை இப்படிக் கழற்றிப் போட்டிருக்கிறானே என்ற கவலை அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு ஜி.டி.நாயுடுவின் நினைவு வந்தது. ஏறக்குறைய 110 ஆண்டுகளுக்கு முன்னால், அவரும் இதே காரியத்தைச் செய்தார். அன்றைக்குச் சாக்கின் மேல் கிடந்த பணம் இதைவிட மிகப் பெரிய பணம்.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூருக்குப் பக்கத்தில், கலங்கல் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். அப்பா பெயர் கோபால்சாமி. அதனால் ஜி.டி.

சிறு வயதிலேயே தாய் இறந்துவிட்டார். பையன் உறவினர் வீட்டில் வளர்ந்தான்.

பள்ளிக்கூடம் அவனுக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை அள்ளி எறிந்துவிட்டு ஓடினான் என்று சொல்லுவார்கள். இது உண்மையோ, பெரிய மனிதரான பிறகு ஊரார் சேர்த்துக்கொண்டதோ, எப்படி இருந்தாலும் படிப்பு சில வகுப்புகளோடு நின்றுபோயிற்று. பையனை வயலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூடம்தான் பிடிக்கவில்லையே தவிர, புத்தகம் பிடிக்காதவன் அல்ல. பிறகு தாமாகவே நிறையப் படித்தார். யாரும் பாடம் சொல்லித் தரக்கூடாது. தானே கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பிடிவாதம் சாகும் வரையில் அவரை விடவில்லை. அதனால் அவருக்கு வந்த லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்த வண்டி

அந்தக் காலத்தில் கிராமத்துச் சாலையில் என்ன போகும்? மாட்டு வண்டி போகும். பணக்காரர் வீட்டுக் குதிரை வண்டி எப்போதாவது போகும்.

ஒரு நாள், மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி வந்தது. இரண்டே சக்கரம். மேலே ஒரு வெள்ளைக்காரர். லங்காஷயர் என்ற ரெவினியூ அதிகாரி. வண்டி, இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் செய்யப்பட்ட ரட்ஜ் மோட்டார் சைக்கிள். 1912-ம் ஆண்டு மாடல்.

குழந்தைகள் வேடிக்கை பார்த்திருப்பார்கள். நாய்கள் குரைத்திருக்கும். வண்டி போன பிறகு எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள்.

வாலிபர் துரைசாமியால் மட்டும் திரும்ப முடியவில்லை. இதை யார் இழுக்கிறார்கள்? உள்ளே என்ன இருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளும் அவரைப் பிடித்துக்கொண்டன.

பிறகு அவர் செய்ததுதான் ஆச்சரியம். அந்த வண்டியை வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்தார். வேறொரு வண்டியை அல்ல. துரை ஓட்டி வந்த அதே வண்டியை!

20 பவுன்

வயலில் வேலை செய்தால் அந்தப் பணம் எந்தக் காலத்தில் சேரும்? கோயம்புத்தூருக்குப் போனார். கைக்குக் கிடைத்த வேலையைச் செய்தார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டார், தண்ணீர் வைத்தார், சாப்பாடு பரிமாறினார். கிடைத்த சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்தார்.

கடைசியில் துரையிடம் போய் வண்டியை விலைக்குக் கேட்டு வாங்கினார். விலை ரூ.300 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

முந்நூறு ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒரு தங்கப் பவுன் நாணயத்துக்கு சர்க்கார் வைத்திருந்த மதிப்பு 15 ரூபாய். 300 ரூபாய் என்றால் 20 பவுன்!

இன்றைக்கு ஒரு பையன் ஓட்டலில் பரிமாறி 20 பவுன் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்து, அதைக் கொண்டுபோய் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் போட்டால் வீட்டில் என்ன சொல்லுவார்கள்? பெண் கொடுப்பார்களா? அந்த ஓசூர் அம்மாவைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டியவர்கள் கலங்கலில் இருந்திருப்பார்கள்.

வண்டி வந்து சேர்ந்தது. ஏறி உட்கார்ந்து, ஊரைச் சுற்றி, நாலு பேர் பார்க்க ஓட்டிக் காட்டியிருக்கலாம். வாலிபருக்கு அந்த ஆசை பெரிதல்ல. ஸ்பேனரை எடுத்தார். வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றினார்.

பிறகு திரும்பப் பூட்டினார்.

சாக்கின் மேல் ஒரு பாடசாலை

இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது மோட்டார் சைக்கிளைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுகிறேன்.

மோட்டார் சைக்கிளின் உயிர் அதன் என்ஜினில் இருக்கிறது. என்ஜினுக்குள் குழாய் மாதிரி ஒன்று, அது சிலிண்டர். அதற்குள் மேலும் கீழும் போய்வரும் உருளை பிஸ்டன். பிஸ்டனின் இடுப்பில் ஒட்டியாணம் போல வளையங்கள் உண்டு, அவை ரிங்குகள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுப்பது கார்புரேட்டர். பொறி உண்டாக்குவது பிளக். அந்தப் பிளக்குக்கு மின்சாரம் தருவது, அந்தக் காலத்து வண்டிகளில் மேக்னட்டோ. பொறி பட்டதும் பெட்ரோல் ஆவி குப்பென்று எரியும். அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். கீழே இருக்கும் கிராங்க் அதை வட்டச் சுழற்சியாக மாற்றும். சக்கரம் சுற்றும்.

சொல்லுவதற்கு ஐந்து வரி. செய்வதற்கு? பொறி சரியான கணத்தில் பறக்க வேண்டும். இம்மி முந்தினாலும் உதை திருப்பி அடிக்கும். இம்மி பிந்தினால் வண்டி இழுக்காது. ரிங்கைக் கவனமில்லாமல் விரித்தால் படக்கென்று ஒடிந்துவிடும். வார்ப்பிரும்பு அல்லவா?

இன்றைக்கு ரிங் ஒடிந்தால் ஓசூரிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறி, ஜே.சி. ரோட்டில் கேட்டுப் பார்க்கலாம். அங்கே இல்லையென்றால் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைகள் இருக்கின்றன. அன்றைக்கு உதிரி பாகம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்துத் தெருவில் மெக்கானிக்கும் கிடையாது. ஒரு சாமான் கெட்டால் 20 பவுனும் இரும்புக் குவியல்!

ஓசூர் வாலிபர் எப்படிப் பிரிக்கிறார் என்று நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பணம் இல்லாதவன் வண்டி பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

முதலில் எதையும் கழற்றாமல் சோதிக்கிறார். பிளக்கை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு உதைத்துப் பார்க்கிறார். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியே வந்தால் சிலிண்டரில் இன்னும் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு பிளக்கை ஒயரோடு சேர்த்து என்ஜின் மேல் படும்படி வைத்து உதைக்கிறார். நீலப் பொறி பறக்கிறதா என்று பார்க்கிறார். இந்த இரண்டு சோதனைக்கும் காலணா செலவில்லை.

அதன் பிறகுதான் ஸ்பேனர். கழற்றிய ஒவ்வொரு சாமானையும், கழற்றிய வரிசையிலேயே சாக்கின் மேல் வைக்கிறார். போல்ட்டையும் நட்டையும் பிரிப்பதில்லை. எடுத்த இடத்துப் போல்ட்டில் அதே நட்டை இரண்டு சுற்று சுற்றி வைத்துவிடுகிறார். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவுகிறார். கழுவிய பிறகுதான் விரிசல் கண்ணுக்குத் தெரியும். அழுக்குக்குள் ஆயிரம் பொய் ஒளிந்திருக்கும் என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த விஷயம்.

எது போயிற்று, எது இருக்கிறது என்று பிரித்து வைத்த பிறகு கணக்குப் போடுகிறார். சிலிண்டர் தேய்ந்திருந்தால் புதுச் சிலிண்டர் வாங்க வேண்டியதில்லை. லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே சீராகக் கடைந்து வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடலாம். ரீபோர் என்று சொல்லுவார்கள். பிரேக்கில் மட்டும் மிச்சம் பிடிக்கக்கூடாது. பெயிண்டும் பளபளப்பும் எல்லாவற்றுக்கும் கடைசியில். பலர் செய்யும் தவறு, முதலில் டாங்கிக்கு வர்ணம் அடித்துவிடுவதுதான். பிறகு என்ஜினுக்குப் பணம் இருக்காது.

நாயுடு காலத்து வண்டியில் இத்தனை சாமான் கிடையாது. பெரும்பாலும் ஒரே சிலிண்டர், பின் சக்கரத்துக்குப் பெல்ட், அவ்வளவுதான். ஆனால் பிரிக்கிறவன் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். எந்தச் சாமான் எதற்காக இருக்கிறது, அது இல்லாவிட்டால் என்ன ஆகும், அதையே இங்கே செய்தால் எவ்வளவு ஆகும்? இந்த மூன்று கேள்விகளையும் அவர் வாழ்நாள் முழுவதும் கண்ணில் பட்ட சாமானிடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பொள்ளாச்சி - பழனி

மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியவர் மெக்கானிக் ஆகிவிட்டார். ஆனால் உடனே பெரிய பணக்காரர் ஆகிவிடவில்லை. இடையில் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் கொஞ்சம் சம்பாதித்தார். பம்பாய் வரை போய் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பினார். இயந்திரத்தைத் திறந்து பார்க்கலாம். பம்பாய்ப் பருத்தி மார்க்கெட்டை யார் திறந்து பார்ப்பது?

அப்போது அவருக்குக் கைகொடுத்தவர் கோயம்புத்தூரில் ஆலையும் வியாபாரமும் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கிழவருக்கு இந்த வாலிபரிடம் என்னவோ நம்பிக்கை. கடன் உதவியுடன் ஒரு பஸ் கிடைத்தது. 1920-ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. டிரைவர் யார்? முதலாளியேதான்!

சுமார் 40 மைல் தூரம். பழனிக்குப் போகும் பக்தர்கள் அதுவரை மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்து பஸ் முதலாளிகளுக்குப் பெரிய எதிரி, போட்டி பஸ் அல்ல. நடு வழியில் நின்றுபோகும் சொந்த பஸ்தான். பஸ் நின்றால் பிரயாணிகளின் சாபம், மெக்கானிக்குக்குக் கூலி, அன்றைய வசூல் போச்சு. நாயுடுவுக்கு அந்தக் கவலை குறைவு. இரும்பின் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்லக்கூடியவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

ஒரு பஸ் பல பஸ்கள் ஆயின. யு.எம்.எஸ். என்று சொன்னால் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்பதன் சுருக்கம். நேரம் தவறாத பஸ் என்று பெயர் எடுத்தது. சர்வர் வேலை பார்த்தவர் இப்போது பல பேருக்குச் சம்பளம் கொடுத்தார்.

சவரக் கத்தியும் எழுபது ரூபாய் ரேடியோவும்

பணம் வந்ததும் சிலர் நிலம் வாங்குவார்கள், சிலர் நகை வாங்குவார்கள். நாயுடு கப்பல் டிக்கெட் வாங்கினார். ஐரோப்பாவுக்குப் போனார். கையில் எப்போதும் ஒரு காமிரா. 1936-ம் ஆண்டு ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் நடந்தபோது, அதைப் படம் எடுத்தவர்களில் கலங்கல் கிராமத்துக்காரரும் ஒருவர். காந்தியடிகளையும் நேருவையும் சுபாஷ் சந்திர போஸையும்கூடத் தம் காமிராவில் பிடித்து வைத்தார்.

வெளிநாட்டில் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் பழைய மூன்று கேள்விகள்தான். டார்ச் லைட்டில் போடுவது போன்ற பாட்டரி செல்லில் ஓடும் சவரக் கருவி ஒன்றைச் செய்தார். ராசந்த் என்பது அதன் பெயர். அதற்குள் ஒரு சின்ன மோட்டார். அந்தக் கருவி ஜெர்மனியில் தயாராகி விற்பனைக்கு வந்தது. ஆண்பிள்ளைகள் நாவிதரின் வருகைக்காகத் திண்ணையில் காத்திருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய சவர பிளேடு செய்தார். பழம் பிழியும் கருவி செய்தார். மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி செய்தார். மின்சாரம் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு அந்த விசிறி! ஓட்டுப் பதிவில் மோசடி செய்ய முடியாத ஒரு இயந்திரமும் செய்தார். மின்சார ஓட்டு இயந்திரங்கள் இந்தியத் தேர்தலுக்கு வந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1982-ல்தான்.

இவற்றுக்கெல்லாம் நடுவே 1937-ம் ஆண்டு நடந்ததுதான் கோயம்புத்தூரின் தலையெழுத்தையே மாற்றிய காரியம் என்பது என் எண்ணம். பீளமேட்டில் இருந்த அவருடைய தொழிற்சாலையிலிருந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட மின்சார மோட்டார் வெளிவந்தது. அவரோடு சேர்ந்து உழைத்தவர் பாலசுந்தரம் நாயுடு. அவரும் பெரிய தொழில் நிபுணர். பிற்பாடு டெக்ஸ்டூல் நிறுவனத்தை அமைத்தவர். விழா எடுக்கும்போது ஒருவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மற்றவர் பெயரை மறந்துவிடுகிறோம். அது நியாயம் அல்ல.

கிணற்றில் ஏற்றம் இறைத்து ஓய்ந்துபோன கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு மோட்டார் என்றால் என்ன என்று சொல்லவேண்டியதில்லை. கோயம்புத்தூர் மோட்டார், கோயம்புத்தூர் பம்ப் என்று வட நாட்டுக்காரர்களும் கேட்டு வாங்கும் காலம் பிறகு வந்தது.

1941-ல் இன்னொரு செய்தி. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து கொடுக்க முடியும் என்று நாயுடு அறிவித்தார். அப்போது ரேடியோ என்பது பணக்காரர் வீட்டுக் கூடத்தில், துணி போட்டு மூடி வைக்கப்பட்ட சாமான்.

அவர் செய்த பொருள்களின் ஜாபிதாவைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ராஜாக்களுக்காக எதுவும் செய்யவில்லை. சவரம், விசிறி, ரேடியோ என்று எல்லாம் சாதாரண மனிதன் காசு கொடுத்து வாங்கக்கூடியவை. ஓட்டலில் பரிமாறிக் காசு சேர்த்தவருக்கு ஒரு ரூபாயின் கனம் தெரிந்திருந்தது.

இரண்டு வருடமா, நான்கு வருடமா?

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் ஒரு கல்லூரிக்கே தலைவர் ஆனார்! 1945-ம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு என்ஜினீயரிங் கல்லூரியும் தோன்றக் காரணமாக இருந்தார். பணமும் இடமும் கொடுத்து உதவினார். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் ஆர்தர் ஹோப் அவர்களின் பெயர் வைக்கப்பட்டது. நாயுடுவே பிரின்சிபால்.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. என்ஜினீயரிங் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வேண்டாம், இரண்டு ஆண்டுகளே தாராளம், மீதிக் காலம் வீண் என்பது நாயுடுவின் கட்சி. சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பதவியை விட்டு விலகினார்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. ஆனால் கல்லூரியில் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். நாயுடு சொன்னது பாதி நியாயம். இயந்திரத்தைத் தொடாமலே இயந்திரப் படிப்பில் பட்டம் வாங்குகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் பாலத்தைக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குக் கணக்கு வேண்டும். கணக்குக்குக் காலம் வேண்டும். தமக்கு வந்த வித்தை எல்லோருக்கும் அதே வேகத்தில் வந்துவிடும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ! எல்லாப் பையன்களும் ஓட்டலில் வேலை செய்து மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப் பார்க்கிறவர்கள் அல்லவே.

ரூ.2,000-க்குக் கார்

1952-ம் ஆண்டு. நாயுடுவுக்கு வயது 59.

இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய ஒரு சிறிய பெட்ரோல் காரைச் செய்து காட்டினார். விலை ரூ.2,000 என்றார்.

கணவனும் மனைவியும் மழையில் நனையாமல் போகலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட வாத்தியாரும் சிறு கடைக்காரரும் கார் வாங்கியிருக்கலாம்.

ஆனால் கார் செய்வதற்குத் திறமை மட்டும் போதாது. டில்லியின் அனுமதியும் வேண்டும். எந்தத் தொழிற்சாலை எதைச் செய்யலாம் என்பதை சர்க்கார் தீர்மானிக்கும் சட்டம் 1951-ல் நிறைவேறி, 1952-ல் அமுலுக்கு வந்தது. அன்னியச் செலாவணி தட்டுப்பாடான காலம். இருக்கும் இரும்பையும் பணத்தையும் அணைக்கும் உருக்காலைக்கும் பயன்படுத்த வேண்டும் என்று சர்க்கார் கருதியது. கார் செய்யும் வேலை கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய இடங்களில் இருந்த சில கம்பெனிகளின் கையில் நின்றுவிட்டது.

நாயுடுவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கார் உற்பத்தி நின்றது.

சர்க்காரின் பக்கத்திலும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் இழந்தது என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சாதாரணக் குடும்பம் இரண்டு பேராக ஏறிப் போகிற மலிவான வண்டிக்காகத் தமிழ்நாடு காத்திருந்தது. 1980-ம் ஆண்டுதான் இதே ஓசூரிலிருந்து டி.வி.எஸ்.50 மொபெட் வெளிவந்தது. இரண்டு பேர் போகலாம் என்று சொல்லி விற்கப்பட்ட முதல் இந்திய மொபெட் அது. பால்காரரும் காய்கறிக்காரரும் வாத்தியாரும் அதை வாங்கினார்கள். 1952-க்கும் 1980-க்கும் இடையே 28 ஆண்டுகள்!

நாயுடு அந்த மொபெட்டைப் பார்க்கவில்லை.

பருத்தி, பப்பாளி, சித்த மருந்து

கார் கதவு மூடியதும் அவர் சும்மா உட்காரவில்லை. பிறந்த தொழிலான விவசாயத்தின் பக்கம் திரும்பினார். ஆளை விட உயரமாக வளரும் பருத்திச் செடி வளர்த்தார். பப்பாளியில் பல விதமான சோதனைகள் செய்தார். சித்த மருத்துவத்திலும் இறங்கினார். செடியை ஸ்பேனரால் கழற்ற முடியாது. ஆனாலும் அவர் பார்த்த பார்வை அதே பார்வை.

இந்தியாவின் எடிசன் என்று அவரைப் புகழ்ந்தார்கள். அதிசய மனிதர் என்றார்கள். கோயம்புத்தூருக்கு வந்த பெரிய மனிதர்கள் அவருடைய பொருட்காட்சியைப் பார்க்காமல் போவதில்லை. பையன்களும் பெண்களும் வந்து இயந்திரங்களைத் தொட்டுப் பார்ப்பதற்கென்றே அந்தக் காட்சியை அமைத்தார்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவினாசி சாலையில்

கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள் அவினாசி சாலையில் உள்ள அவருடைய பொருட்காட்சியையும், 2015-ல் அவர் குடும்பத்தார் திறந்த கார் காட்சியையும் பார்க்கலாம். குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். அரை நாள் போதாது.

அதே சாலைக்கு மேலே 10.1 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் கட்டியிருக்கிறார்கள். 2025-ம் ஆண்டு அக்டோபரில் அது திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்று பெயர்.

பாலத்தில் ஏறாமல் கீழே டவுன் பஸ்சில் போனால் பீளமேட்டைத் தாண்டி ஒரு நிறுத்தம் வரும். கண்டக்டர் ஹோப் காலேஜ் என்று கூவுவார். வெளியூர்க்காரர்கள் இறங்கி, காலேஜ் எங்கே என்று தேடுவார்கள். காலேஜ் அங்கே இல்லை. நாயுடு விலகிய கல்லூரி பிற்பாடு தடாகம் சாலைக்குப் போய், அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் மாறிவிட்டது. அங்கே இப்போதும் என்ஜினீயரிங் படிப்பு நான்கு ஆண்டுகள்தான்.